ஆண்டறிக்கை 2024–25: எங்கள் ஸ்கேட்டிங் மன்றத்தின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் குடும்பத்தாரே, முன்வரிசையில் பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிக்கப் பார்க்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. போன வருட அறிக்கை நீளமாக இருந்தது என்று நாலு பேர் புகார் சொன்னார்கள். அந்த நாலு பேரும் இந்த வருடம் போட்ட சண்டையால்தான் இதுவும் நீண்டுவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டிங் பழக ஒரு சிமென்ட் தளம் வேண்டுமென்று பெற்றோர் கூடி ஆரம்பித்த மன்றம் இது. ஐஸ் என்றால் நமக்கெல்லாம் குச்சி ஐஸ்தான். ஆனால் பயிற்சி முடியும்வரை வெளியே திண்ணையில் காத்திருந்த அப்பா அம்மாக்கள் செல்போனில், பனித்தளத்தில் பாட்டுக்கு ஆடிக்கொண்டே ஜம்ப்பும் சுழற்சியும் போடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கப் பழகினோம். இப்போது பிள்ளைகள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாம் ஆண்கள் பிரிவில் யாருக்கு மார்க் அநியாயமாகப் போனது என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரங்கல். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பை ஒட்டி விச்சிட்டாவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய ஸ்கேட்டிங் பிள்ளைகளும், பெற்றோரும், பயிற்சியாளர்களும் அதில் இருந்தார்கள். 1994இல் ஜோடிப் பிரிவில் உலகச் சாம்பியனான எவ்ஜீனியா ஷிஷ்கோவா, வாடிம் நௌமோவ் தம்பதியும் அதில் பலியானார்கள். மறுநாள் டிக் பட்டன் தம் 95ஆம் வயதில் காலமானார். 1948, 1952 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். காற்றிலேயே மூன்று முறை சுற்றி இறங்கும் மூன்று சுற்று ஜம்ப்பைப் போட்டியில் முதன்முதலில் போட்டுக் காட்டியவர். பிற்காலத்தில் டிவி வர்ணனையாளர். அந்த வாரக் கூட்டத்தில் யாரும் மார்க் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளை வேனில் ஏற்றிச் சேலத்துக்கும் ஓசூருக்கும் போட்டிக்குக் கூட்டிப்போய் நள்ளிரவில் திரும்புகிறவர்கள் நாம். ஷூ பையை மடியில் வைத்துத் தூங்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

கூட்டங்கள். மாதம் ஒன்று வீதம் நடந்தன. பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரு மண்டபம் முன்பணம் கொடுத்துப் பேசியிருந்தோம். போய்ப் பார்த்தால் உள்ளே வளைகாப்பு. முன்பணம் இன்னும் திரும்பவில்லை, நானும் கேட்பதை விடவில்லை. மற்றபடி எல்லாக் கூட்டமும் பழையபேட்டையில் நம் டெய்லர் அண்ணன் கடை மாடியில்தான். கீழே அளவெடுக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முருகன் படமும் அதன் கீழே ஜப்பானிய ஸ்கேட்டிங் வீரர் யுசுரு ஹன்யூ படமும் மாட்டியிருப்பதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், அண்ணன் எந்தக் கட்சி என்று.

கட்சி என்று சொன்னேன். மன்றத்தில் இரண்டு இருக்கின்றன. ஜம்ப் கட்சிக்குத் தலைவர் பொங்கல் முடிந்தால் எருது விடும் விழாவுக்குக் காளையோடு கிளம்பிவிடும் நம் உறுப்பினர். "காளை ஓடினா வாட்ச் சொல்லும். எத்தனை செகண்டுன்னு பார்த்துப் பரிசு. ஆடின அழகுக்கு யாராவது பரிசு குடுக்கறாங்களா?" என்பது அவர் வாதம். நாலு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினானா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும், கலை என்பது நடுவர் மனசுக்குப் பிடித்தவனுக்குப் போடுகிற மார்க் என்கிறார். கலைக் கட்சியில் நானும் ஒருவன். செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, முடிந்தவரை வகிக்கிறேன்.

ஆகஸ்ட் வரை நாங்கள் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலேயே நின்றுகொண்டிருந்தோம். ரஷ்யாவின் பிளஷென்கோ நாலு சுற்று ஜம்ப் போட்டார், அமெரிக்காவின் லைசாசெக் ஒன்றுகூடப் போடவில்லை, ஆனாலும் தங்கம் லைசாசெக்குக்கு. 257.67க்கு 256.36. கலை ஜெயித்த நாள் என்று நான் மேசையைத் தட்டுவேன். நடுவர்கள் ஏமாற்றிய நாள் என்று அவர் தட்டுவார். ஒருநாள் டெய்லர் அண்ணன் மார்க் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து வந்து, கத்தரிக்கோலை மேலே பாரமாக வைத்துப் படிக்கச் சொன்னார். போட்டியில் முதல் ஆட்டம், இறுதி ஆட்டம் என்று இரண்டு, இரண்டையும் கூட்டித்தான் மொத்தம். இறுதி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் கலை மார்க் 82.80. நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. லைசாசெக் ஜெயித்தது டெக்னிக்கல் மார்க்கில், 84.57க்கு 82.71. சுழற்சி, காலடி வேலை, ஆட்டத்தின் பிற்பாதியில் போட்ட ஜம்ப்புக்குக் கிடைத்த கூடுதல் பத்து சதவீதம் எல்லாம் சேர்ந்து அந்த ஒற்றை நாலு சுற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. இரண்டு கட்சியும் மாதக்கணக்காகத் தட்டிய மேசையில் கலை என்பதே இல்லை. அன்றைக்கு யாரும் போண்டா கேட்கவில்லை.

அதன்பிறகுதான் ஷீட்டைப் பார்க்காமல் பேசுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். ஒன்பது நடுவர்கள், ஒவ்வொன்றிலும் அதிகமான மார்க்கையும் குறைவான மார்க்கையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. எந்த ஜம்ப், எத்தனை சுற்று, சுற்று குறைந்ததா என்று முடிவு செய்யத் தனியாக ஒரு குழு. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பிறகு, ஆறுக்கு இத்தனை என்று மார்க் போட்ட பழைய 6.0 முறையைத் தூக்கிவிட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நம்ம ஊர் ஏலச்சீட்டுக் கணக்கைவிடச் சிக்கல் என்றார் பொருளாளர். பிறகு அவரே எல்லோருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மன்றத்துக்கு ஒரு பேரப்பிள்ளை வழியாக வந்து சேர்ந்தவர் கூத்து வாத்தியார் ஐயா. பாரதக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவர், அர்ச்சுனன் தவத்துக்கு ஏறும் உயரமான கம்பமான தபசு மரம் ஏறியவர். பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜேசன் பிரவுன் ஆடியதைப் போட்டோம். நாலு சுற்று ஜம்ப் ஒன்றுகூட இல்லாமல் ஆறாம் இடம் வந்தவர். ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாட்டை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். சத்தமே இல்லாமல் ஓடியது. கை தோளிலிருந்து கிளம்பி விரல் நுனியில் முடிகிறது. அது முடியும் இடத்தில் கால் திரும்புகிறது. பாட்டு இல்லாமலே பாட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்தது. அடுத்து வேறொருவர் ஆட்டத்தை அதேபோல ஊமையாகப் போடச் சொன்னார். பேர் வேண்டாம். ஓடுகிறான், ஓடுகிறான், தயாராகிறான், குதிக்கிறான், கையை ஒருமுறை வீசிவிட்டு மறுபடி ஓடுகிறான்.

"தபசு மரத்துல ஏறிட்டா ஆச்சா சார்? ஒவ்வொரு படிக்கும் பாட்டு இருக்குது. பாடாம விடுவிடுன்னு ஏறினா அது தென்னை மரம் ஏறுற வேலை" என்றார் ஐயா.

காளைக்காரர் விடவில்லை. "சரிங்க ஐயா. நல்லாப் பாடறவன் பாதி மரத்துல விழுந்துட்டா?"

ஐயா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம், "விழக்கூடாது" என்றார். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பக்கம் தீர்ப்பு வந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

டெய்லர் அண்ணன் பங்கு வேறு மாதிரி. தையல் நேராகப் போகிறதா என்று பார்த்தே பழகிய கண். ஒரு வீடியோவில் லட்ஸ் என்ற வகை ஜம்ப்புக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். ஷூவின் அடியில் இருக்கும் கத்திக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. லட்ஸை வெளிவிளிம்பில் நின்றுதான் எடுக்க வேண்டும். அந்தப் பையன் கடைசி நொடியில் கணுக்காலை உள்ளே சாய்த்துவிடுகிறான். ஒரு நூல் அளவுதான். "மடிப்பு பிரிஞ்சு போச்சு பாருங்க" என்றார். இதுபோன்ற நூல் அளவுகள் சில ஆட்களுக்கு மட்டும் கண்டுகொள்ளப்படுவதில்லை என்பது கலைக் கட்சியின் நெடுநாள் மனக்குறை. கலைக் கட்சிக்கும் அந்தச் சலுகை கிடைத்திருக்கிறது என்று ஜம்ப் கட்சி உடனே 2013ஐ எடுத்தது. கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், சொந்த நாட்டு பேட்ரிக் சான் இறுதி ஆட்டத்தில் இரண்டு முறை விழுந்தும் தங்கம் வாங்கினார், 267.78. இறுதி ஆட்டத்தில் அவரைவிட அதிக மார்க் எடுத்த கஜகஸ்தானின் டெனிஸ் டென்னுக்கு மொத்தம் 266.48, வெள்ளி. சானின் கத்தி பனியில் ஓடுகிற ஓட்டம் எனக்கு உயிர். ஆனாலும் அன்றைக்கு என் கட்சிக்காக வாய் திறக்கவில்லை. டென் 2018 ஜூலையில் அல்மாட்டியில் கொல்லப்பட்டார் என்பது நினைவுக்கு வந்த பிறகு மனசே வரவில்லை.

பொருளாளர் கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கை இங்கே பதிவு செய்கிறேன். இந்த வருடம் நாம் கண்டுபிடித்ததில் உருப்படியானது அதுதான் என்பது என் எண்ணம். கலை மார்க்குக்கு இப்போது மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. ஆண்கள் இறுதி ஆட்டத்தில் அதை 3.33ஆல் பெருக்குவார்கள். தெய்வமே இறங்கி வந்து ஆடினாலும் 99.90. அதற்கு மேல் கூரை. ஜம்ப்புக்கு அவ்வளவு தாழ்ந்த கூரை கிடையாது. நாலரைச் சுற்று ஆக்சல் என்ற ஜம்ப்புக்கு அடிப்படை மார்க் 12.50, அப்பழுக்கில்லாமல் போட்டால் 18.75 வரை போகும். ஒரு பையன் பத்து வருடம் பாடுபட்டு, மூன்று தலைப்பிலும் எட்டரையை ஒன்பதரை ஆக்குகிறான் என்று வையுங்கள். கிடைப்பது 9.99. இன்னொருவன் மூன்று சுற்று லட்ஸையும் மூன்று சுற்று ஃபிளிப்பையும் நாலு சுற்றாக மாற்றுகிறான். 11.30. எந்த அப்பா பையனை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவார்? நடுவர்கள் நேர்மையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நாம் நடுவர்களைத் திட்டிய அளவுக்குப் பெருக்கல் வாய்பாட்டைத் திட்டியிருக்க வேண்டும்.

பின்பக்கக் குட்டிக்கரணம் பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். அதில் விஷயம் குறைவு. எழுபதுகளிலிருந்து தடை, 2024 உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரான்சின் ஆடம் சியாவோ ஹிம் ஃபா தெரிந்தே அடித்து இரண்டு மார்க் இழந்தும், முதல் ஆட்டத்தில் 19ஆம் இடத்தில் இருந்தவர் வெண்கலத்துக்கு ஏறினார். அந்த வருடமே தடையை நீக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் இதைச் சிமென்ட் தளத்தில் முயலக்கூடாது என்பது மட்டும் ஒருமனதான தீர்மானம்.

பாஸ்டன் உலகச் சாம்பியன்ஷிப். இறுதி ஆட்டம் நமக்கு மார்ச் 30 விடியற்காலை மூன்றரைக்கு. அன்றைக்குப் பார்த்து யுகாதி. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் உறுப்பினர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய நேரத்தில் மாடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலரைக்குக் கரண்ட் போனது. செல்போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவின் மாலினினுக்கு 110.41, எங்கள் கலைக் கட்சி நம்பியிருந்த ஜப்பானின் ககியாமாவுக்கு 107.09. மூணேகால் மார்க்தான் என்று நான் தூங்காமல் இருந்தேன். வெளிச்சம் வந்தபோது கடைசிக் குழு. ககியாமாவுக்கு ஜம்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. முழங்கால் வளைந்து இறங்கும்போது சத்தமே கேட்காத ஆள் அவர். அன்று பனியில் கத்தி மோதும் சத்தம் எங்களுக்கே கேட்டது. முடிவில் மாலினின் 318.56, கஜகஸ்தானின் ஷைடோரோவ் 287.47, ககியாமா 278.19. நடுவர்கள்மேல் பழிபோட ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. காளைக்காரர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த பச்சடிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "கசப்பு கொஞ்சம் தூக்கல் சார், சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகள் போட்டி. ஜனவரியில் நம் தளத்திலேயே நடத்தினோம். தளத்தின் வடக்கு மூலை விரிசலில் சக்கரம் மாட்டி ஒரு பிள்ளைக்கு முழங்கை சிராய்ந்தது. பூச்சு வேலை செய்தாயிற்று. போட்டிக்கு நடுவராக இருந்த டீச்சரம்மா பள்ளிக் கலைவிழாக்களில் பல வருடம் மார்க் போட்டவர். மார்ச் கூட்டத்தில் அவராகவே எழுந்து, "முதல்ல ஆடற பிள்ளைக்கு நான் எப்பவும் கையை இறுக்கித்தான் போடுவேன். பின்னாடி இதைவிட நல்லா யாராவது வந்தா என்ன பண்றதுன்னு பயம். ஜனவரியிலயும் அப்படித்தான் போட்டேன்" என்றார். முதலில் ஆடிய பிள்ளையின் அம்மா அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு அந்த அம்மா, "பரவால்ல டீச்சர், அவ மூணாவது சுத்துல தடுமாறினா, நானும் பார்த்தேன்" என்றார்.

ஆகவே நிர்வாகக் குழு இந்த விதித் திருத்தத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது: பிள்ளைகள் போட்டியில் இனி மூன்று நடுவர்கள், தள்ளித் தள்ளி உட்கார வேண்டும், ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்கக்கூடாது, முதல் மூன்று பிள்ளைகளின் ஆட்டத்தை எல்லோரும் ஆடி முடித்தபின் வீடியோவில் இன்னொரு முறை பார்த்து மார்க்கை உறுதி செய்ய வேண்டும். கலைக்கும் டெக்னிக்குக்கும் எத்தனை பங்கு என்பதில் குழுவுக்குள் உடன்பாடு இல்லை. பாதிப் பாதி என்பது கூத்து வாத்தியார் ஐயாவின் யோசனை, மூன்றில் ஒரு பங்கு கலை என்பது காளைக்காரருடையது. இன்றே கையுயர்த்தி முடிவு செய்யலாம். பிள்ளைகளும் கை தூக்கலாம், எண்ணிக்கையில் சேர்க்க மாட்டோம், பார்த்துக்கொள்வோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவில் பெரியது தளப் பூச்சு, அடுத்தது போண்டா. மண்டப முன்பணம் வரவேண்டிய பாக்கியில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
கிருஷ்ணகிரி