நொதி முதலில் பார்ப்பது எழுத்தை அன்று, வடிவத்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ஹாலிடே சந்தி பற்றிய கட்டுரையில், அதை வெட்டும் நொதிகளைக் குறித்து, ‘இந்த நொதிகள் டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்துக் கத்தரிக்கோல் போல வெட்டுகின்றன’ என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எழுத்தை, அதாவது A, T, G, C என்னும் காரங்களின் வரிசையை, படித்து வெட்டும் நொதிகள் வேறு உண்டு என்பது தாங்கள் அறியாததன்று; சந்தியை வெட்டும் நொதி முதலில் அடையாளம் காண்பது அதன் வடிவத்தை.

1964இல் ராபின் ஹாலிடே முன்வைத்த இந்தச் சந்தி, இரண்டு டி.என்.ஏ. ஈரிழைகள் தமக்குள் இழை மாற்றிக்கொள்ளும் இடத்தில் நான்கு கைகளாக நிற்பது; மக்னீசியம் அயனிகள் இருந்தால் அது பெருக்கல் குறிபோல மடிந்து ஒடுங்கிக்கொள்ளும். ஈ.கோலை பாக்டீரியாவில் ரூவ்-ஏ புரதம் அந்த மடிப்பைப் பிரித்துச் சதுரமாக விரித்துப் பிடிக்க, ரூவ்-பி இழைகளை இழுத்துச் சந்தியை நகர்த்துகிறது. இரண்டு ஒத்த பாதிகளால் ஆன ரூவ்-சி என்னும் வெட்டும் நொதி, எதிரெதிரான இரண்டு இழைகளில் சமச்சீராக வெட்டுகிறது. அதனால்தான் லைகேஸ் நொதியால் வெட்டுவாயை அப்படியே ஒட்டிவிட முடிகிறது. ரூவ்-சிக்கு எழுத்துத் தேர்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வடிவத்தைப் பற்றிக்கொண்ட பிறகு, எங்கே வெட்டுவது என்பதில் மட்டும் வருவது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஆய்வு மாணவனாக இருந்தபோது, நான்கு ஒற்றை இழைகளைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டுச் சந்தி செய்து, ரூவ்-சி சேர்த்து, மின்புலத்தில் டி.என்.ஏ.வை நகர்த்திப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன்; புரதம் பற்றிய டி.என்.ஏ. அதில் மெதுவாக நகரும். பட்டை பின்தங்கி நின்றது; நொதி சந்தியைப் பற்றியிருந்தது, ஆனால் வெட்டவில்லை. வெட்டுவதற்கு வேண்டிய மக்னீசியம் குளோரைடைச் சேர்க்க மறந்திருந்தேன். ஜெல்லின் பக்கத்து ஓடையில் அதே எழுத்துகளைக் கொண்ட, கிளையில்லாத ஈரிழையை வைத்திருந்தேன். அதை நொதி தொடவே இல்லை. எழுத்துதான் அடையாளம் என்றால் அந்தப் பட்டையும் பின்தங்கியிருக்க வேண்டுமல்லவா?

வருத்தம் இந்த ஒரு வரியோடு முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலப்பக்கம் முறுகியிருக்க வேண்டிய டி.என்.ஏ. இரட்டைச் சுருளை இடப்பக்கம் முறுக்கி அச்சிட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. பிறகு ஒரு கட்டுரையில் நொதியை ‘நுண்ணுயிரி’ என்றீர்கள், அதற்கும் எழுதினேன். சென்ற ஆண்டு என் கடிதம் ஒன்றை வெளியிட்டு, பாராட்டு வரிகளை வைத்துக்கொண்டு திருத்தத்தை நீக்கிவிட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருபவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

சந்திகளைச் சரியாகப் பிரிக்கும் பி.எல்.எம். என்ற புரதம் பழுதுபட்டால் வருவது புளூம் நோய்க்குறி. அதற்கு ஆளானவர்களை இளம் வயதிலேயே புற்றுநோய் தாக்குகிறது. இத்தகைய விஷயத்தில் பிழை சிறிது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் பேத்தி அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அடித்துவிடு என்றால், “பத்திரிகையிலேயே வந்திருக்கே தாத்தா” என்கிறாள்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும், நான்கு கைகளும் தெளிவாகத் தெரியும் ஒரு படமும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படம் வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர்