டிடிஎம் பந்தயத்துக்குக் கார் விற்கும் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மெர்சிடிஸ்-ஏஎம்ஜி, ஆடி, பிஎம்டபிள்யூ, போர்ஷே, இன்னும் ஜெர்மனியின் டிடிஎம் தொடருக்குக் கார் கொடுக்கும் எல்லா நிறுவனங்களின் ரேஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் எழுத வந்தது 2021 சீசனைப் பற்றி. முடிந்துபோன கதையை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே கம்பெனியின் கார் என்பதற்காக ஒரு டீமின் டிரைவர் வேறொரு டீமின் டிரைவருக்கு வழிவிடலாமா என்று அந்த சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எழுந்த கேள்விக்கு மட்டும் எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் நடுவர் அறை இல்லை. உங்கள் அலுவலகம்தான்.

முதலில், அந்த சீசன் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 2018 முடிவில் மெர்சிடிஸ் தொடரை விட்டுக் கிளம்பியது. 2020 முடிவில் ஆடியும் கையை விரித்தது. மிச்சமிருந்தது பிஎம்டபிள்யூ ஒன்றுதான். ஒரே ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு யாரோடு யார் மோதுவது? அப்போது தொடரை நடத்திக்கொண்டிருந்த கெர்ஹார்ட் பெர்கர், கோடிக்கணக்கில் பணம் விழுங்கிய பழைய கார்களை ஓரங்கட்டிவிட்டு ஜிடி3 கார்களைக் கொண்டுவந்தார். ஜிடி3 என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரை நீங்கள் கட்டி விற்கிறீர்கள். பணம் இருக்கிற தனியார் டீம் வாங்கி ஓட்டுகிறது. எந்தக் காரும் மற்றதைவிட ரொம்ப வேகமாகப் போய்விடாதபடி எடையையும் எஞ்சின் சக்தியையும் சரிக்கட்டும் வேலை, அந்த சீசனில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்திடம் இருந்தது. ஆக, கம்பெனிகளின் யுத்தம் முடிந்தது, இனி டீம்களும் டிரைவர்களும்தான் என்ற நம்பிக்கையில்தான் பலரும் உட்கார்ந்து பார்த்தோம்.

சீசனும் ஏமாற்றவில்லை. மோன்ஸாவில் நடந்த முதல் பந்தயத்தையே நியூசிலாந்தின் லியாம் லாசன் ஜெயித்தார். 19 வயதுப் பையன், ஃபெராரி கார். தென்னாப்பிரிக்காவின் கெல்வின் வான் டெர் லிண்டே ஆப்ட் டீமின் ஆடியில் விரட்டினார். மெர்சிடிஸ் ஓட்டிய மாக்சிமிலியன் கோட்ஸ் அதிகம் சத்தம் போடாமல் புள்ளி சேர்த்துக்கொண்டே வந்தார். கடைசி வார இறுதிக்கு நோரிஸ்ரிங் போய்ச் சேர்ந்தபோது பட்டியலில் முதலிடம் லாசனுக்கு. மற்ற இருவருக்கும் வாய்ப்பு மிச்சமிருந்தது.

நோரிஸ்ரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. நியூரம்பெர்க் நகரில் ஒரு பழைய கல் பார்வையாளர் மேடையைச் சுற்றி ஓடும் வெறும் 2.3 கிலோமீட்டர் பாதை. மேடைக்கு எதிரே நீளமாக ஒரு நேர்பாதை, அதன் முடிவில் கொண்டை ஊசி வளைவு. மொத்தக் கூட்டமும் முழு வேகத்தில் வந்து, ஒரே இடத்தில் பிரேக்கை மிதித்து, ஒன்றிரண்டு கார் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கில் திரும்ப வேண்டும். பட்டத்தை முடிவு செய்ய இப்படி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தெரியவில்லை, ரசிகனாக எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அக்டோபர் 10. லாசன் முதல் இடத்திலிருந்து கிளம்பினார். முதல் வளைவிலேயே வான் டெர் லிண்டே உள்பக்கம் பாய்ந்தார், ஃபெராரியில் மோதினார். லாசனின் கார் நொண்டிக்கொண்டு பழுது பார்க்கும் இடமான பிட்டுக்குப் போனது. பழுது பார்த்துத் திரும்பியபோது பல சுற்றுகள் பின்தங்கியாயிற்று. இந்த மோதலைப் பற்றி அப்போதே வேண்டிய அளவு சண்டை போட்டாகிவிட்டது. வேகத்தில் கணக்குத் தப்பும் டிரைவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது.

கோட்ஸ் பட்டம் வாங்க வேண்டுமென்றால் ஜெயித்தே ஆக வேண்டும். அவருக்கு முன்னால் இரண்டு மெர்சிடிஸ் கார்கள்: லூக்காஸ் ஆவர், ஃபிலிப் எல்லிஸ். இருவரும் வழிவிட்டார்கள். கோட்ஸ் ஜெயித்தார். இறுதிக் கணக்கு: கோட்ஸ் 230, லாசன் 227. முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. கோட்ஸ் இரண்டாவதாக வந்திருந்தால் 223, மூன்றாவதாக வந்திருந்தால் 220. விரலை மடக்கி எண்ணினாலே தெரிந்துவிடும். ஒரு வருடப் பட்டம் கைமாறியது அந்த வழிவிடலில்தான்.

ஒரே டீமுக்குள் இப்படி நடப்பதுண்டு, இதில் என்ன புதுசு என்று சொல்லிவிடாதீர்கள். கோட்ஸ் ஓட்டியது எச்ஆர்டி டீமுக்கு. ஆவரும் எல்லிஸும் ஓட்டியது வின்வர்ட் டீமுக்கு. முதலாளி வேறு, மெக்கானிக் வேறு, கணக்குப் புத்தகம் வேறு. டீம் பட்டத்துக்காக இந்த இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போட வேண்டியவை. இவற்றை ஒன்றாக்கியது காரின் மூக்கில் இருக்கும் மெர்சிடிஸ் நட்சத்திரம் மட்டும்தான். 2002இல் ஆஸ்திரியாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் பாரிக்கெல்லோ ஷூமாக்கருக்கு வழிவிட்டபோது உலகமே கூச்சல் போட்டது. அங்கே குறைந்தபட்சம் இருவரும் ஒரே ஃபெராரி டீமில் சம்பளம் வாங்கினார்கள். இங்கே நடந்ததோ, மட்டை விற்ற கடைக்காரர் மைதானத்துக்குள் வந்து, “நீயும் நம்ம கடை மட்டையில்தானே ஆடுகிறாய், அந்த டீம்காரருக்கு விட்டுக்கொடு” என்று கேட்ட மாதிரி.

கோட்ஸ் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. முதல் வளைவில் யாரையும் இடித்தவர் அவர் இல்லை. திறந்து கிடந்த கதவுக்குள் போகாமல் நிற்க அவர் என்ன சாமியாரா? ஆவரையும் எல்லிஸையும்கூடக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் யார் எந்த மெர்சிடிஸில் உட்காருவது என்பதில் உங்களுக்கு இருக்கும் செல்வாக்கு அவர்களுக்குத் தெரியாதா?

மெர்சிடிஸ் மட்டும் மாட்டிக்கொண்டது என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். ஆடி நண்பர்களே, 2015 ஆகஸ்டில் ரெட் புல் ரிங்கில் நடந்தது மறந்திருக்காது. “டீமோ, அவனை வெளியே தள்ளு” என்று உங்கள் ரேஸ் பிரிவுத் தலைவர் வுல்ஃப்காங் உல்ரிச்சின் குரல் ரேடியோவில் ஒலித்தது. டீமோ ஷைடர் முன்னால் போன விக்கன்ஸை இடிக்க, விக்கன்ஸ் போய்ப் பட்டப் போட்டியில் இருந்த வேர்லைனை இடிக்க, இரண்டு மெர்சிடிஸும் சரளைக்கல்லில் போய் நின்றன. 2 லட்சம் யூரோ அபராதம், உல்ரிச்சுக்கு அந்த சீசனின் மிச்சம் முழுக்க பிட் லேனுக்குள் நுழையத் தடை. கடைசியில் பட்டம் வேர்லைனுக்கே போனது, அது வேறு விஷயம். அன்றைக்கு அது கம்பெனிகளின் பந்தயம், கார்களும் கம்பெனிகளுடையவை. அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லித்தானே ஜிடி3க்கு வந்தீர்கள்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. டிரைவருக்குச் சம்பளம், என்ஜினியர், உதிரிபாக லாரி என்று பெரும்பகுதி உங்கள் பணம். ஆல்ஃபா ரோமியோவும் ஓப்பலும் விலகியதால் 1996 முடிவில் இந்தத் தொடர் அப்படியே படுத்துவிட்டது. 2000இல்தான் மறுபடி எழுந்தது. நீங்கள் இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை, சரி. ஆனால் பணம் போடுகிறவருக்கென்று தயாரிப்பாளர் பட்டம் தனியாகவே இருக்கிறதே. அதற்காக என்ன வியூகம் வேண்டுமானாலும் போடுங்கள். டிரைவர் பட்டத்தில் எதற்குக் கை வைக்கிறீர்கள்?

இதற்கு விதி போட்டால் போதும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஃபார்முலா 1இல் 2002க்கு அப்புறம், சக டிரைவருக்கு வழிவிடச் சொல்லும் டீம் உத்தரவைத் தடை செய்து பார்த்தார்கள். 2010இல் ஹாக்கன்ஹைமில் ஃபெராரி டீமின் மாஸாவிடம், சக டிரைவரைப் பற்றி “அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்” என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொன்னார்கள், அவர் ஒதுங்கிக்கொண்டார். ஃபெராரி 1 லட்சம் டாலர் கட்டியது, அடுத்த சீசனுக்குத் தடையே எடுக்கப்பட்டது. வாயால் சொல்லாமலும் சொல்ல முடியும் என்னும்போது விதிப் புத்தகத்தில் என்ன எழுதி என்ன?

அதனால்தான் சங்கத்துக்கோ நடுவர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்களாக முன்வந்து செய்யக்கூடியவை மூன்று உண்டு. கார் வாங்கும் டீமோடு போடும் ஒப்பந்தத்தில், அதே கம்பெனி காரை ஓட்டும் இன்னொரு டீமுக்கு உதவ வேண்டிய கடமை எதுவும் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியைப் பொதுவில் வெளியிடுங்கள். பந்தயம் ஓடும்போது உங்கள் ஆட்கள் டயர், எஞ்சின், பிரேக் பற்றிய ஆலோசனையோடு நிற்கட்டும். டிரைவரிடம் யார் பேசுவது, என்ன பேசுவது என்பது காரை வாங்கிய டீமின் வேலையாக இருக்கட்டும். கடைசி வார இறுதியிலாவது உங்கள் எல்லாக் கார்களின் ரேடியோவையும் ரசிகர்கள் நேரலையில் கேட்க நீங்களே சம்மதம் கொடுங்கள். மறைக்க எதுவும் இல்லை என்றால் இதில் உங்களுக்குச் செலவும் இல்லை.

மூன்றில் எது முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று அடுத்த இறுதிச் சுற்றுக்கு முன்னால் தெரியப்படுத்தினால் போதும். பதிலை ஜெர்மனில் எழுதினாலும் பரவாயில்லை, படிக்க வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிடிஎம் ரசிகன் ஒருவன்