மெலாவத்தி மலைக்குப் போவது குரங்கு பார்க்கத்தானா?

பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு வணக்கம். (ஊர் பெஸ்தாரி ஜெயாவாகி வருசக்கணக்காகிறது, எனக்குத்தான் இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது.)

போன விடுமுறையில் பிள்ளைகளை கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்கு அழைத்துப் போனீர்கள், நல்ல காரியம், நானும் பின்னாலேயே காரில் வந்தேன். டிராம் ஏறினோம், குரங்குகளுக்குப் பயத்தங்காய்க் கட்டு வாங்கினோம், சாம்பல் நிறத் தாய்க்குரங்கின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. சரி. வீட்டுக்கு வந்து மகனிடம் கோட்டை எப்படியடா இருந்தது என்றேன். "கோட்டையா?" என்கிறான். அவன் உட்கார்ந்து நாசி லெமாக் தின்றதே அந்தக் கோட்டைச் சுவரில்தான்!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. செஞ்சிக்கோட்டை மாதிரி மதிலும் கோபுரமும் அங்கே கிடையாது, மிஞ்சியிருப்பது தாழ்வான கற்சுவர்களும் சில பீரங்கிகளும்தான். குன்றுதான் அங்கே மதில். சுற்றிலும் தட்டையான சதுப்பு நிலம், அதனால் அந்தச் சின்ன உயரத்தில் நின்றாலே சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடமும், அலையாத்திக் காட்டுக்கு அப்பால் மலாக்கா நீரிணையும் தெரியும். உள்நாட்டு ஈயம் அந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போனது. ஆற்று வாயைப் பிடித்தவன் கையில் கல்லாப்பெட்டி, அவ்வளவுதான் கணக்கு.

1784இல் மலாக்காவில் டச்சுக்காரர்களை எதிர்த்த ரியாவ் தலைவர் ராஜா ஹாஜிக்கு நம் சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் துணை நின்றார். ஜூனில் ராஜா ஹாஜி களத்தில் விழுந்தார், ஆகஸ்டில் டச்சுக் கப்பல்கள் இங்கே வந்துவிட்டன. கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். பகாங்குக்குத் தப்பிய சுல்தான் அங்கிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு 1785இல் திரும்பி வந்து மீட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒரு வருசம்கூட அங்கே நிலைக்காதவர்கள் வைத்த பெயர் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீட்ட சுல்தானோ அதே குன்றில் அரச கல்லறையில் இருக்கிறார், டிராம் அந்தப் பக்கம் மெதுவாகக்கூடப் போகவில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்பீர்கள். நம் பாலத்தடியில் ஓடுவது அதே ஆறுதானே! ஈயம் தோண்டும் கப்பல்கள் விட்டுப்போன குட்டைகளில் நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள், அந்த ஈயத்துக்கும் அந்தக் கோட்டைக்கும் உள்ள உறவை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கும் யாரும் சொன்னதில்லை, அது வேறு கதை.

அடுத்த முறை பஸ்ஸை முதலில் நம் பாலத்தில் 5 நிமிசம் நிறுத்துங்கள். அப்புறம் மேலே போனதும் குரங்குகளைப் பார்க்கப் போகுமுன் அரை மணி நேரம், பீரங்கி பார்க்கும் திசையிலேயே பிள்ளைகளை நிற்க வைத்துப் பேச நான் சம்பளமில்லாமல் வருகிறேன். பயத்தங்காய்ச் செலவும் என்னுடையது.