ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைக்கலாம்?

ஆசிரியருக்கு,

பூட்டை உடைத்துத் திருடியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் தண்டனை குறைகிறது என்றால் பலருக்குக் கோபம் வருகிறது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஒப்புக்கொள்வதில் என்ன பெருமை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சலுகை மனம் திருந்தியதற்கான பரிசு அல்ல. திருட்டுக் கொடுத்தவர் கூண்டில் ஏறி, கலைந்து கிடந்த தன் படுக்கையறையைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கும் நேரம் மிச்சம்.

அதனால்தான் எப்போது ஒப்புக்கொண்டார் என்பது முக்கியம். இங்கிலாந்தில் 2017 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதலின்படி, முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். விசாரணை தொடங்கும் நாளில் என்றால் பத்தில் ஒரு பங்குதான். சாட்சிகள் வந்து உட்கார்ந்த பிறகு தலையாட்டுபவருக்கு அது போதும்!

பழைய தண்டனைகள், வீட்டில் ஆள் இருந்தபோது நுழைந்தாரா, பொருள் திரும்பக் கிடைத்ததா என்பதையெல்லாம் முதலில் தனியாக எடைபோட வேண்டும். அப்புறம்தான் இந்தக் கழிவு. எத்தனை மாதத்தில் ஆரம்பித்து எத்தனை மாதம் குறைத்தோம் என்று நீதிபதிகள் தீர்ப்பிலேயே எழுதட்டும். செய்தியாளர்களும் அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்