பாப்பாவுக்கு, குத்தாலத்துலேர்ந்து அப்பா

அன்பு பாப்பா,

நல்லாருக்கியா? அம்மா அனுப்புன மெசேஜுக்கெல்லாம் நீல டிக் வந்துட்டு, பதில்தான் வரல. வேல இருக்கும், புரியுது. இங்க ஆத்துல தண்ணி நல்லா வருது, மேலக்கொல்லையில சம்பா நடவு முடிஞ்சிட்டு, சித்தப்பா விஷயம் அப்படியேதான் கெடக்கு, அத நேர்ல பேசிக்கலாம். நேரத்துக்கு சாப்புடு.

போன வாரம் மாயவரத்துல ஜவுளிக்கடையில உங்கூட பிஹெச்டி படிக்கிற அந்தத் திருவாரூர் பொண்ணோட அம்மாவ பாத்தேன். ரெண்டாவது வருஷத்துல எல்லாரும் எழுதுற பரிட்சையாமே, குவாலிஃபையிங் எக்ஸாம்னு, அதுல அவங்க பொண்ணு தேறிட்டுதாம், உங்க பொண்ணுக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. நல்லா போயிட்டிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உன்ன நான் ஒண்ணும் கேக்கல. நீயா சொல்றப்ப சொல்லு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, செல்ல எடுத்து வச்சுகிட்டு மேல்படிப்புல சேர்றதுக்கு நீ எழுதுனியே, இந்த ஜிஆர்இ பரிட்ச, அந்த மார்க்கெல்லாம் உண்மையில என்னத்ததான் காட்டுதுன்னு தேடித் தேடி படிச்சேன். 2001ல குன்செல்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும் அதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சிய எல்லாம் ஒண்ணா சேத்து 82,659 பேரோட கணக்க போட்டிருக்காங்க. ஜிஆர்இ மார்க்குக்கும் மேல்படிப்புல வாங்குற ஜிபிஏங்கற சராசரி மார்க்குக்கும் ஒட்டுறவு 0.3 சொச்சம், முழுசா ஒத்துப்போனா 1, ஒட்டே இல்லன்னா 0. கம்மி மார்க்குக்காரங்கள உள்ளயே விடறதில்ல, சேந்தவங்கள மட்டும் வச்சு பாத்தா தொடர்பு கொறச்சலாத்தான் தெரியும், அதுக்கும் திருத்தம் பண்ணிதான் இந்த 0.3. அத ஸ்கொயர் பண்ணிப் பாரு, ஆளுக்கு ஆள் ஜிபிஏ மாறுறதுல பத்து சதவீதத்துக்கு மேல கொஞ்சம்தான் ஜிஆர்இ கணக்குல வருது. பட்டத்த முடிக்கிறாங்களாங்கறதுக்கு அதவிட கம்மி. ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல, நீ 340க்கு 328 வாங்குனப்ப தெரு பூரா ஜாங்கிரி குடுத்தவன் நான், இப்பவும் எனக்கு அது பெருமதான்.

ஆனா வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில உன்ன மாதிரி பயோமெடிக்கல் பிஹெச்டி பசங்கள வச்சே பாத்து 2017ல எழுதியிருக்காங்க. மொத செமஸ்டர் மார்க்க ஜிஆர்இ ஓரளவு சொல்லிடுது. யாரு குவாலிஃபையிங் எக்ஸாம் தேறுவாங்க, யாரு பிஹெச்டி முடிப்பாங்க, எத்தன ஆராய்ச்சி பேப்பர் போடுவாங்க, இதுல எதையும் அது சொல்லல. அந்த வரிய திரும்ப ஒரு தடவ படி பாப்பா. 328 வாங்குனவ இந்த குவாலிஃபையிங் எக்ஸாம மொத தடவையே தேறியாகணும்னு எந்தக் கணக்குலயும் இல்ல. வெதநெல்ல நூறு எண்ணி ஈரச்சாக்குல சுருட்டி வச்சு நீயும் நானும் பிரிச்சு பாப்போமே, எண்பது மொளச்சுட்டா நல்ல வெத. மொளைக்குமான்னு கேட்டா சாக்கு சொல்லும், தையில ஒரு மா நெலத்துக்கு எத்தன மூட்டன்னு சொல்லுமா, நடுவுல பொகையான் பூச்சி இருக்கு, ஐப்பசி மழ இருக்கு.

நார்த் கரோலினா யுனிவர்சிட்டிலயும் அதே வருஷம் பாத்திருக்காங்க, பேப்பர் நெறைய போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஜிஆர்இல வித்தியாசம் இல்லியாம், வாத்தியாருங்க எழுதுன சிபாரிசு கடிதத்துலதான் தெரிஞ்சுதாம். கான்வொகேஷன் அன்னிக்கு உன் திருச்சி மேடம் எங்கிட்ட சொன்னது ஞாபகம் வந்துது. லேப்ல வளத்த உயிரணு செல்லுல பூஞ்சை பிடிச்சு மூணு மாச வேல போனப்ப எல்லாரும் அழுதுட்டு ஹாஸ்டலுக்கு போயிட்டாங்க, இவ மட்டும் இன்குபேட்டர தொடச்சு வச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சா சார்னு சொன்னாங்க. அததான் அவங்க லெட்டர்லயும் எழுதியிருப்பாங்க. ஜிஆர்இ எங்கேர்ந்து அத பாக்கும்?

நல்ல மார்க் வந்தா அன்னிக்கே போன் பண்ணுவ, இல்லன்னா தலவலின்னு ஒரு மெசேஜ், எட்டாவது படிக்கிறப்பலேர்ந்து இதேதான். எங்களுக்கு மார்க் மட்டும் போதும்னு நெனச்சிருக்கியா? அம்மா கோயிலுக்கு போறப்பெல்லாம் உன் பேர்ல அர்ச்சனை, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குறா.

கைடுகிட்ட ஒளிவுமறைவு இல்லாம பேசு. நெறைய டிபார்ட்மெண்டுல ரெண்டாவது சான்ஸ் குடுக்குறாங்க, ரூல்ஸ் என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்க. எங்க தப்புச்சுன்னு பரிட்ச வச்ச கமிட்டி ஆளுங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாத்து கேளு, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. இதெல்லாம் பொதுவா சொல்றேன்.

அத்த பையன் அடுத்த மாசம் கெளம்புறான், பருப்புப்பொடியும் நார்த்தங்கா ஊறுகாயும் குடுத்து விடறோம், அட்ரஸ் மாறியிருந்தா அனுப்பு. கைடுகிட்ட பேசிடு. எங்களுக்கு நடுராத்திரின்னு பாக்காத, எப்ப வேணாலும் கூப்புடு.

அப்பா