முதல் நாளே சொல்வார்களா?

அன்புள்ள ராஜாராமுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. கண் அறுவை முடிந்து கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து மட்டும் தெரிந்தும் புரியவில்லை, அதற்கு எந்த டாக்டரிடமும் வைத்தியம் இல்லை. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பறவைக் காய்ச்சல் பற்றிக் கோபமாகக் கேட்டிருக்கிறாய். "லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று குழியில் தள்ளுகிறார்களே, ஒரு தடுப்பூசி போட்டால் தீராதா? கால்நடைத் துறையில் குப்பை கொட்டியவன்தானே நீ, பதில் சொல்" என்று. சரி, சொல்கிறேன்.

தடுப்பூசி இல்லாமல் இல்லை. சீனா 2005 வாக்கிலிருந்து நாடு முழுக்கப் போடுகிறது. எச்7என்9 என்ற வகை அங்கே 2013 முதல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனிதர்களைத் தொற்றியது. 2017-இல் கோழிகளுக்கு அதற்கும் ஊசி போட ஆரம்பித்ததும் மனிதர்களுக்கு வருவது கிட்டத்தட்ட நின்றே போனது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது, அங்கேயும் நோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் எகிப்தைப் பார். 2006-இலேயே ஊசி போட ஆரம்பித்த நாடு, நோய் அங்கேயே வேரூன்றிவிட்டது. ஊசி போட்ட கோழி சாகாது, ஆனால் கிருமி உள்ளே புகுவதை ஊசி முழுசாகத் தடுக்காது. கொண்டையும் காலும் நீலம் பாரித்துக் கொத்தாகச் செத்தால்தான் நமக்கு நோய் வந்தது தெரியும். அந்த அடையாளம் இல்லாமல், பார்க்க நன்றாக இருந்துகொண்டே எச்சத்தில் கிருமியைப் போட்டுக்கொண்டிருந்தால்? அதனால் ஊசி போடும் நாடு, ஊசி போட்ட மந்தையை விடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், கிருமி மாறமாற மருந்தையும் மாற்ற வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். அப்புறம் வியாபாரம். பிரான்ஸ் ஊசி போடுகிறது என்றதும் அமெரிக்கா அங்கிருந்து வரும் கோழி, வாத்துப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. இந்தியா வீரியமான பறவைக் காய்ச்சலுக்கு இன்னும் ஊசியை ஏற்கவில்லை. கண்டுபிடி, அழி என்பதுதான் இங்கே கொள்கை.

அந்த "அழி" எப்படி நடக்கிறது என்று பேப்பரில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் சொல்கிறேன் கேள். செத்த பறவையும், உயிரோடு இருப்பவற்றின் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியும் ஐஸ் பெட்டியில் மூன்று உறைக்குள் போபாலில் இருக்கும் கால்நடை நோய் ஆய்வகத்துக்குப் போகும். எச்5என்1 என்ற வீரியமான வகைதான் என்று உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவை அத்தனையும் போக வேண்டும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. பாதுகாப்பு உடை, கண்ணாடி, முகக்கவசம், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தால் பத்து நிமிஷத்தில் கண்ணாடி ஆவி படிந்து மறைத்துவிடும், பூட்ஸுக்குள் வியர்வை சலசலக்கும். பறவையின் கழுத்தெலும்பைத் திருகி, சாக்கில் போட்டு, ஆழக் குழியில் சுண்ணாம்போடு சேர்த்து மூடுவோம். தீவனம், முட்டை, முட்டை அட்டை, எருக்குவியல் எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது. குளிரில் எச்சத்துக்குள் அந்தக் கிருமி ஒரு மாதம் வரை கிடக்கும். எங்களுக்கும் மாத்திரை கொடுத்து, பல நாள் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். இரக்கம் இல்லாமல் செய்கிற வேலை இல்லை அது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது.

ஆனால் ராஜாராம், அழிப்பது பிந்திய வேலை. எல்லாமே அதற்கு முன்னால் வருகிற ஒரு போனில் இருக்கிறது. பண்ணைக்காரன், "சார், காலையில் முப்பது கோழி கிடந்தது" என்று அன்றைக்கே சொல்கிறானா, இல்லை மிச்சத்தை அவசரமாக வண்டி ஏற்றி விற்றுவிட்டு அப்புறம் சொல்கிறானா? விற்றுவிட்டால், பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டு என்ன பயன், கிருமி நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சொல்ல வைப்பது எது? இழப்பீடு. அதுவும் கைக்குச் சீக்கிரம் வருகிற இழப்பீடு. இங்கே மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி தருகின்றன. நோக்கம் சரி. ஆனால் பறவைக்கு நிர்ணயிக்கும் தொகை சந்தை விலைக்குக் கீழே இருந்தாலோ, பணம் வர மாதக்கணக்கு ஆனாலோ, அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான். 2008-இல் மேற்கு வங்கத்தில் அழிக்க ஆட்கள் வந்தபோது ஜனங்கள் கொல்லைக் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விஷயத்தில் பிரிட்டன் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். அங்கே நோயில்லாத பறவையை அழித்தால்தான் பணம், நோய்ப்பட்டதற்கு இல்லை. அதாவது சீக்கிரம் சொன்னால் நிறைய கிடைக்கும். ஆனால் அதிகாரிகள் வந்து அழித்து முடிப்பதற்குள் பாதி செத்துவிட்டால் சொன்னவனுக்கு நஷ்டம்தானே? அதனால் 2022 அக்டோபரில் கணக்கை மாற்றினார்கள்: அழிப்பு முடியும்போது அல்ல, அழிக்க முடிவெடுக்கும் கட்டத்திலேயே எத்தனை நல்ல பறவை என்று எண்ணிவிடுவார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் விவசாயியின் மனசு தெரிந்தவன் எழுதிய விதி. அமெரிக்கா வேறு பக்கமிருந்து இறுக்கியது. ஒருமுறை நோய் வந்த பண்ணைக்கு மறுபடி வந்தால், கிருமி நுழையாமல் காக்கும் ஏற்பாடுகளுக்கான தணிக்கையில் தேறியிருந்தால்தான் இழப்பீடு என்று 2024 கடைசியில் கொண்டுவந்தார்கள். அதுவும் நியாயம்தான், வாயில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் அரசிடம் கை நீட்ட முடியாது.

சந்தையைச் சொல்லாமல் விட முடியாது. ஹாங்காங்கில் 1997-இல் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தபோது, ஊரில் இருந்த கோழி அத்தனையையும் சில நாட்களில் அழித்தார்கள். அப்போது சுகாதார இயக்குநராக இருந்த மார்கரெட் சான்தான் பின்னால் உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைவரானார். அழித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. சந்தையில் கோழியையும் வாத்தையும் பிரித்தார்கள், மாதம் ஒரு நாள் கடைகளைக் காலி செய்து கழுவ வைத்தார்கள், 2008-இல் உயிருள்ள கோழி எதுவும் கடையில் ராத்தங்கக் கூடாது என்றார்கள். கடை ஒரு ராத்திரி காலியாகக் கிடந்தால் கிருமிக்குத் தொற்ற உடம்பு கிடைக்காது. வாத்து வளர்ப்பு அதிகமுள்ள கேரளத்துக் குட்டநாட்டில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, நாம் பிரிக்கிற வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. வலசைப் பறவையும் வயல் வாத்தும் ஒரே தண்ணீரில் நிற்கும்போது அதிகாரி மட்டும் என்ன செய்வான்.

கடைசியில் உன் மச்சான் பண்ணை வைக்கும் கதை. தாராளமாக வைக்கச் சொல். வாத்தையும் கோழியையும் சேர்த்து வளர்க்க வேண்டாம். கொட்டகைக்கு வலை அடித்து, காக்கை குருவி நுழையாமல் பார்க்கட்டும். குளத்துத் தண்ணீரை அப்படியே காட்டக் கூடாது, குளோரின் போட வேண்டும். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, வாசலில் மருந்துத் தொட்டி. தீவன வண்டி டிரைவர், முட்டை வியாபாரி யாரானாலும் உள்ளே வரக் கூடாது. முட்டை அட்டை திரும்பி வந்தால் வாங்கவே வேண்டாம், நோய் நுழைகிற வழிகளில் அது ஒன்று. உள்ளூர் கால்நடை மருத்துவர் நம்பரை போனில் அல்ல, கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கச் சொல், வேலையாள் கண்ணிலும் படட்டும். முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று தங்கச்சியிடமும் சொல்லிவிடு, அவள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறாளாமே.

அடுத்த கடிதம் டைப் அடித்து அனுப்பு, புண்ணியமாகப் போகும்.

அன்புடன்,
உன் மணி