அந்த ஆசிரியை எங்கே?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் செனகல் எழுத்தாளர் மரியாமா பா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1979-ல், ஐம்பது வயதில், முதல் நாவல், மறு ஆண்டே, ஆப்பிரிக்காவில் வெளியாகும் நூல்களுக்கான முதல் நோமா விருது, 1981-ல் மரணம். எல்லாம் சரி. ஆனால் அவரது ஆசிரியப் பணிக்கு ஒரே ஒரு வரிதானா? அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்த மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் பெண்கள் வந்து படித்த, செனகலின் ருஃபிஸ்க் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேறி, பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் அவர். உடல்நலம் ஒத்துழைக்காததால்தான் பள்ளி ஆய்வுப் பணிக்கு மாறினார். அந்த நாவலில் தோழிக்குக் கடிதம் எழுதும் ரமத்துலாயியும் ஒரு பள்ளி ஆசிரியை. கணவர் தன் மகளின் தோழியையே இரண்டாம் மனைவியாக்கிக்கொண்டதை அவள் விவரிக்கும் நிதானம் வகுப்பறையில் பழகிய நிதானம் என்றே நான் நினைக்கிறேன்.

மரியாமா பா ஒன்பது பிள்ளைகளின் தாய், மணவிலக்குப் பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'தாமதமாக எழுத வந்தவர்' என்ற கட்டுரையின் வார்த்தை சற்று உறுத்துகிறது. நானும் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். நோட்டுகளைத் திருத்தி, சமையலை முடித்து உட்கார்ந்தால் மணி பதினொன்றாகிவிடும்; அப்புறம் எங்கே எழுதுவது? செனகலின் கோரே தீவில் மரியாமா பா பெயரில் இன்றும் ஒரு பெண்கள் பள்ளி நடக்கிறது. அதையும் ருஃபிஸ்க் பள்ளியையும் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை